பத்து நிமிட டெஸ்ட் டிரைவில் எதைப் பார்ப்பது? – வாசகர் கேள்வி பதில்

சிறிய, சுறுசுறுப்பான, கைக்கு எட்டும் விலையில் உள்ள ஹேட்ச்பேக் கார்களை ஓட்டிப் பார்ப்பது பற்றி வந்த கடிதங்களை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொண்டோம்.

ஹூண்டாய் ஐ20 காரின் ஸ்போர்ட்டி வகையான 'என் லைன்' (N Line) வாங்க நினைக்கிறேன். ஷோரூமில் நேர் ரோட்டில் நாலு கிலோமீட்டர் ஓட்ட விட்டார்கள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, விற்பனையாளரும் பேசிக்கொண்டே வந்தார். வண்டி நன்றாகத்தான் இருந்தது, ஆனால் எதை வைத்து முடிவெடுப்பது என்று புரியவில்லை. மறுபடி கேட்டால் கொடுப்பார்களா? கொடுத்தால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?
– வாசகர், திருப்பூர்

தயங்காமல் கேளுங்கள். பத்து லட்சத்தை ஒட்டிப் பணம் போடுகிறவர் இரண்டாவது முறை ஓட்டிப் பார்க்கக் கேட்பதில் தப்பே இல்லை. முந்தின நாளே போன் செய்து இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுங்கள். நீங்கள் வாங்கப்போகும் அதே கியர்பாக்ஸ் உள்ள வண்டிதான் வேண்டும் என்பது முதலாவது. 2023 செப்டம்பருக்குப் பிறகு வந்த என் லைனில் 6 கியர் மேனுவலும் 7 கியர் டிசிடி (இரட்டைக் கிளட்ச்) ஆட்டோமேட்டிக்கும் இருக்கின்றன. இன்ஜின் ஒன்றுதான் என்றாலும் ஓட்டும்போது இரண்டும் வேறு வேறு கார் போலத்தான் இருக்கும். "மேனுவல் டெமோ வண்டி இல்லை, இதையே ஓட்டிப் பாருங்கள்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இரண்டாவது, காலையில் முதல் ஆளாக வருகிறேன், வண்டியை முன்கூட்டி ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்பது.

போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள், குளிர்ந்திருக்க வேண்டும். இது 998 சிசி, மூன்று சிலிண்டர் டர்போ இன்ஜின். மூன்று சிலிண்டருக்கே உரிய அதிர்வு, குளிர்ந்த இன்ஜின் நின்ற இடத்தில் ஓடும்போதுதான் நன்றாகத் தெரியும். ஸ்டார்ட் செய்து, ஏ.சி.யைப் போட்டு, ஸ்டியரிங் மேல் விரல் நுனிகளை மட்டும் வையுங்கள். உள் கண்ணாடியில் பின்னால் நிற்கும் வண்டியின் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். எழுத்துகள் நடுங்கினால் அதிர்வு உள்ளே வருகிறது. இரண்டு மூன்று நிமிடத்தில் இன்ஜின் சூடாகி நடுக்கம் அடங்கினால் சரி. அடங்கவில்லை என்றால், சிக்னலில் நிற்கும் ஒவ்வொரு முறையும் அதோடுதான் இருக்க வேண்டும்.

கிளம்புவதற்கு முன் டயர் காற்று. எவ்வளவு இருக்க வேண்டும் என்று ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஸ்டிக்கர் இருக்கும். அருகில் உள்ள பங்கில் நிறுத்தி நான்கையும் அந்த அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஐந்தாறு பிஎஸ்ஐ கூடுதலாக இருந்தால் சஸ்பென்ஷன் இருப்பதைவிடக் கரடுமுரடாகத் தெரியும். குறைவாக இருந்தால் ஸ்டியரிங் மந்தமாகத் தெரியும். இரண்டு கார்களை ஒப்பிடுகிறீர்கள் என்றால் இதைச் செய்யாமல் விடவே கூடாது. காற்று சரியில்லாத காரை வைத்து எடுக்கும் முடிவு காரைப் பற்றியதாகவே இருக்காது.

சீட்டில் அமர்ந்து, முதுகை ஒட்டி வைத்து, கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங் வளையத்தின் மேல் விளிம்பில் படிய வேண்டும். கிளட்சை முழுக்க மிதித்த பிறகும் முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும். இப்போது பாட்டை நிறுத்திவிட்டு, விற்பனையாளரிடம் ஒரு அரை மணி நேரம் அமைதியாக வரும்படி பணிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த இன்ஜினின் முழு இழுவையான 172 என்எம், 1,500 முதல் 4,000 ஆர்பிஎம் வரை கிடைக்கும். அதற்குக் கீழே டர்போ (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணித்து வலு கூட்டும் விசிறி) விழித்திருக்காது. நகர ஓட்டத்தில் உங்களைப் படுத்துவதும் மகிழ்விப்பதும் இந்த 1,500 என்ற கோடுதான். மேனுவலில் ஒரு வேகத்தடையை இரண்டாவது கியரிலேயே ஏறி இறங்குங்கள். வேகம் 15 கி.மீ. அளவுக்கு விழும். கியரைக் குறைக்காமல், அப்படியே ஆக்ஸிலரேட்டரைப் பாதி மிதியுங்கள். எத்தனை நொடி தயங்குகிறது, எந்த இடத்தில் "பிடித்துக்கொண்டு" கிளம்புகிறது என்று கவனியுங்கள். உங்கள் வழியில் பத்து வேகத்தடை இருந்தால் தினமும் இருபது முறை இதை அனுபவிக்கப் போகிறீர்கள்.

அடுத்தது, காலியான ரோட்டில் மூன்றாவது கியரில் 40-லிருந்து 80. பக்கத்தில் இருப்பவர் செல்போன் ஸ்டாப்வாட்சில் நேரம் எடுக்கட்டும். லாரியைத் தாண்டும்போது நமக்கு உண்மையில் தேவைப்படும் வேகம் இது. பூஜ்யத்திலிருந்து 100-ஐ எட்டும் நேரத்துக்கு நம் சாலைகளில் வேலையே இல்லை. 3,000 ஆர்பிஎம் தாண்டும்போது ஜன்னலை இறக்கிவிடுங்கள். என் லைனுக்கென்று சைலன்சர் ஒலியைத் தனியாகச் செதுக்கியிருக்கிறார்கள். கேட்டுப் பார்த்துவிட்டு, பிடிக்கிறதா என்று நீங்களே சொல்லுங்கள்.

பிரேக்கைப் பின்னால் யாரும் வராத இடத்தில், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு, 60-லிருந்து அழுத்தமாக ஒரு முறை போட்டுப் பாருங்கள். கார் ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. காலடியில் தடதடவென்று வந்தால் அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ், பயப்பட வேண்டாம். கடைசியாக ஒரு முழு யூ டர்ன். திருப்பி முடித்ததும் பிடியைத் தளர்த்தினால் ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வர வேண்டும்.

மாருதி ஸ்விஃப்ட்டில் 82 பிஎஸ் (குதிரைத்திறன்), என் லைனில் 120 பிஎஸ். ஆனால் இரண்டையும் ஓட்டியபோது டவுனுக்குள் ஸ்விஃப்ட்தான் எனக்குத் துறுதுறுவென்று தெரிந்தது. என் கணிப்பு தப்பா?
– வாசகர், மதுரை

தப்பே இல்லை. 2024-இல் வந்த ஸ்விஃப்ட்டின் எடை சுமார் 920 கிலோதான். டர்போ இல்லாததால் மிதித்த அளவுக்கு உடனே பதில் வருகிறது. தனியாக ஓட்டியதால் இந்த நல்ல பக்கம் முழுசாகத் தெரிந்திருக்கிறது.

மறுபக்கத்தைப் பார்க்க நான்கு பேராகப் போங்கள். ஆளுக்கு 70 கிலோ என்றால் 280 கிலோ, அதாவது காரின் எடையில் முப்பது சதவீதம் ஏறிவிடுகிறது. ஸ்விஃப்ட்டின் அதிகபட்ச இழுவையான 112 என்எம் கிடைப்பது 4,300 ஆர்பிஎம்மில். ஆகவே ஏ.சி. ஓட, நான்கு பேரோடு மேம்பாலம் ஏறும்போது மூன்றிலிருந்து இரண்டுக்குக் கியரை இறக்கி இன்ஜினைச் சத்தம் போட வைத்தால்தான் நகரும். என் லைன் அதே பாலத்தை மூன்றிலேயே ஏறும். வாரத்தில் ஆறு நாள் தனியாகப் போகிறவருக்கு ஸ்விஃப்ட் போதும், மனசுக்கும் நிறைவாக இருக்கும். குடும்பத்தோடு அடிக்கடி நீண்ட பயணம் போகிறவர் அந்தக் கூடுதல் 38 பிஎஸ்ஸுக்குப் பணம் கொடுக்கலாம்.

ஸ்விஃப்ட்டில் ஏஎம்டி (மேனுவல் கியர்பாக்ஸின் கிளட்சையும் கியரையும் தானாக மாற்றும் வகை) எடுப்பதாக இருந்தால் அதைத் தனியாக ஓட்டிப் பாருங்கள். கியர் மாறும்போது தலை முன்னும் பின்னும் ஆடும். மாறும் நேரத்தில் காலை லேசாகத் தூக்கினால் குறையும், ஆனால் அடியோடு போகாது. சுறுசுறுப்பான கார் வேண்டும் என்பவர் அதில் மேனுவலையே எடுப்பது நல்லது.

மாதம் இரண்டு முறை கொல்லிமலை ஏறி இறங்குவோம். டிசிடி எடுக்கலாமா, மேனுவலா? மலையில் டெஸ்ட் டிரைவ் கொடுக்க மாட்டார்களே?
– வாசகர், நாமக்கல்

எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதையில் கேள்வியே கியர்பாக்ஸ்தான். என் லைனின் டிசிடியில் இருப்பவை ட்ரை கிளட்ச் வகை. எண்ணெயில் மூழ்காத கிளட்ச் தட்டுகள் காற்றால்தான் குளிர வேண்டும். மலையில் தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தால் தொந்தரவு இல்லை. வளைவில் எதிரே பஸ் வந்து, ஏற்றத்தில் நின்று நின்று அங்குலம் அங்குலமாக நகரும்போதுதான் கிளட்ச் பாதி பிடித்து, பாதி வழுக்கிச் சூடாகும். அளவு மீறினால் திரையில் எச்சரிக்கை வரும். வண்டியை ஓரமாக நிறுத்தி ஆறவிட வேண்டியதுதான். ஏற்றத்தில் நிற்கும்போது பிரேக்கில் கால் வைத்திருங்கள். ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்து வண்டியைத் தாங்கி நிறுத்துவதுதான் கிளட்சைத் தின்னும் பழக்கம்.

சமவெளியிலேயே இதைச் சோதிக்கலாம். மேம்பாலச் சரிவோ, வணிக வளாகத்தின் அடித்தள பார்க்கிங் சரிவோ போதும். பாதி ஏற்றத்தில் நிறுத்தி, பிரேக்கிலிருந்து காலை எடுங்கள். வண்டி பின்னால் உருளாமல் இரண்டு நொடி நிற்க வேண்டும். பிறகு நடை வேகத்தில் ஏறுங்கள். உதறல் இருக்கிறதா? அடுத்து, போக்குவரத்துக் குறைந்த இடத்தில் 15 கி.மீ. வேகத்தில் யூ டர்ன் எடுத்து, திரும்பி முடித்த கணத்தில் ஆழமாக மிதியுங்கள். கியர்பாக்ஸ் யோசித்து, கியரைக் குறைத்து, டர்போ எழுந்து வர ஒரு சின்ன இடைவெளி விழும். கொண்டை ஊசி வளைவிலும் அதே இடைவெளிதான். ஸ்டியரிங் பின்னால் உள்ள பேடிலை இழுத்து முன்பே கியரைக் குறைத்துவிட்டு அதையே மறுபடி செய்து பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

இறங்கும்போது இரண்டாவது கியரில் பூட்டி இறங்குங்கள். சின்ன இன்ஜினுக்கு இன்ஜின் பிரேக்கிங் (ஆக்ஸிலரேட்டரை விட்டதும் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிப்பது) குறைவு, அதனால் பிரேக்குக்கு வேலை அதிகம். என் லைனில் நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் இருப்பது இந்தப் பாதையில் உண்மையான பலன். மாதம் இரண்டு முறைக்கு டிசிடி தாங்கும். ஆனால் சனி, ஞாயிறு நெரிசலில்தான் போவீர்கள் என்றால் எங்கள் ஓட்டு மேனுவலுக்கு.

அம்மாவுக்கு முதுகுவலி. ஸ்போர்ட்டி கார் என்றால் தூக்கிப் போடும் என்கிறார்கள்.
– வாசகி, நாகர்கோவில்

டெஸ்ட் டிரைவுக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், பின் சீட்டில் உட்கார வையுங்கள். முன் சீட்டில் தெரியாத அதிர்ச்சி பின்னால் தெரியும். என் லைனில் சஸ்பென்ஷன் சாதாரண ஐ20-ஐவிட இறுக்கம். டயர் 195/55 ஆர்16. அதாவது அகலம் 195 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 55 சதவீதம், 107 மில்லிமீட்டர். ஸ்விஃப்ட்டின் 185/65 ஆர்15 டயரில் அது 120 மில்லிமீட்டர். பள்ளத்தில் விழும்போது முதலில் தாங்குவது இந்த ரப்பர்ச் சுவர்தான். பதின்மூன்று மில்லிமீட்டர் குறைந்தால் முதுகுக்கும் தெரியும், அலாய் வீல் நெளியும் வாய்ப்பும் கூடும். பேட்ச் போட்ட ரோட்டில் 30, 40 வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். நெடுஞ்சாலையில் எல்லா காரும் நல்ல பிள்ளைதான். அம்மா பத்து நிமிடத்தில் கைப்பிடியைத் தேடினால், சாதாரண ஐ20-ஐயும் அன்றே ஓட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பழைய ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ ஒன்று விலைக்கு வருகிறது. ஓட்டிப் பார்க்கும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்?
– வாசகர், சென்னை

முதலில் எந்த ஆண்டு என்று பாருங்கள். 2013 முதல் வந்த ஜிடி டிஎஸ்ஐ, 1.2 லிட்டர் நான்கு சிலிண்டர், 105 பிஎஸ், 7 கியர் டிஎஸ்ஜி (ஃபோக்ஸ்வாகனின் இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்). 2020-க்குப் பிறகு 1.0 லிட்டர் மூன்று சிலிண்டர், 110 பிஎஸ். அதில் ஆட்டோமேட்டிக் என்பது 6 கியர் டார்க் கன்வெர்ட்டர் (எண்ணெய் வழியாக விசையைக் கடத்தும்) வகை. பின்னதில் கியர்பாக்ஸ் கவலை மிகக் குறைவு.

டிஎஸ்ஜி என்றால் அரை மணி நேரமாவது, அதுவும் மதிய வெயிலில், நெரிசலில் ஓட்டிப் பார்க்க வேண்டும். இதுவும் ட்ரை கிளட்ச்தான். குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக இருந்து, சூடானதும் குணம் மாறுவது இதன் வழக்கம். ஆர்-இலிருந்து டி-க்கு மாற்றினால் உடனே பிடிக்க வேண்டும். ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது உதறல், நிற்க வரும்போது இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்குகையில் 'டக்' என்று ஒரு தட்டல், இவை கிளட்ச் தேய்ந்ததன் அடையாளம். மீட்டரில் கியர் எழுத்து மின்ன ஆரம்பித்தால் அந்த வண்டியை விட்டுவிடலாம். கியர்பாக்ஸை இயக்கும் மெக்கட்ரானிக் யூனிட் போனால் லட்ச ரூபாய்க்கு மேல் செலவு வைக்கக்கூடும்.

இன்னொன்று, ஈசியு ரீமேப் (இன்ஜினின் கணினியை மாற்றி எழுதி இழுவையைக் கூட்டுவது) செய்த வண்டியா என்று நேராகவே கேளுங்கள். இந்தக் கியர்பாக்ஸ் 250 என்எம் வரைதான் தாங்கும் என்று வடிவமைத்தது. கம்பெனி இன்ஜின் 175 என்எம் தருகிறது. ரீமேப் அந்த இடைவெளியைத்தான் தின்கிறது. முன்பணம் கொடுப்பதற்கு முன், காரின் கணினியைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் உள்ள மெக்கானிக்கிடம் காட்டி, கியர்பாக்ஸில் பதிவான பிழைகளைப் படிக்கச் சொல்லுங்கள். விற்பவர் மறுத்தால் அதுவே பதில்.

டெஸ்ட் டிரைவில் மீட்டர் 9 கி.மீ. மைலேஜ் காட்டியது. இவ்வளவுதான் கொடுக்குமா?
– வாசகர், வேலூர்

அந்த எண்ணை மறந்துவிடுங்கள். குளிர்ந்த இன்ஜின், ஐந்தாறு கிலோமீட்டர், அதிலும் வேண்டுமென்றே மிதித்து ஓட்டியது. டர்போ காரில் மைலேஜ் காலைப் பொறுத்தது. அதை அளக்க ஒரு டேங்க் பெட்ரோலாவது ஓட வேண்டும்.

ஓட்டிப் பார்த்ததில் மேல் வேரியன்ட் பிடித்துவிட்டது. விலை 10 லட்சத்தைக் கொஞ்சம்தான் தாண்டுகிறது. எடுக்கலாமா?
– வாசகர், திருச்சி

அந்தக் 'கொஞ்சம்' தமிழ்நாட்டில் பெரிசு. 2023 நவம்பரிலிருந்து புதிய காருக்கு வாழ்நாள் வரி, 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18 சதவீதம். 9.9 லட்சம் காருக்கு வரி 1,28,700 ரூபாய். 10.1 லட்சம் காருக்கு 1,81,800. விலையில் இருபதாயிரம் வித்தியாசம், வரியில் 53,100. சன்ரூஃபுக்காக இந்தக் கோட்டைத் தாண்ட வேண்டாம். கியர்பாக்ஸுக்காகத் தாண்டுவது வேறு.

டெஸ்ட் டிரைவில் இடித்துவிட்டால் யார் பொறுப்பு?
– வாசகி, தஞ்சாவூர்

சாவியைக் கொடுப்பதற்கு முன் ஒரு படிவத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். அதைப் படித்துவிட்டுப் போடுங்கள். சேதத்துக்கு நீங்கள் எவ்வளவு தர வேண்டும் என்ற வரி அதில் இருக்கும். வண்டியின் இன்ஷூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும், டிஜிலாக்கரில் இருந்தாலும் போதும். எல்எல்ஆர் மட்டும் வைத்திருப்பவர் ஓட்ட வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து ஸ்டாப்வாட்சைப் பார்த்துக்கொள்ளலாம். கிளம்பும் முன் காரை ஒரு சுற்று சுற்றி, ஏற்கெனவே இருக்கும் கீறல்களைச் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முன் பம்பரின் கீழ் விளிம்பையும் நான்கு அலாய் வீல்களையும் சேர்த்து.