வீட்டிலேயே பாஸ்தா: மாவிலும் சாஸிலும் ஈரக் கணக்கு

கோவையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "இத்தாலியக் குறிப்பு ஒன்றைப் பார்த்து 200 கிராம் மைதாவுக்கு 2 முட்டை சேர்த்துப் பாஸ்தா செய்தேன். மாவு வெடித்து வெடித்து வந்தது. தண்ணீர் தெளித்ததும் கையில் ஒட்டத் தொடங்கிவிட்டது. வெந்தபோது எல்லாம் கட்டியாகிவிட்டது. தக்காளி சாஸோ ஒரே புளிப்பு, தட்டில் தண்ணீர் தனியாகப் பிரிந்து நின்றது. என்ன தவறு? வீட்டில் ஒருவர் முட்டை சாப்பிடமாட்டார், அவருக்கும் செய்ய முடியுமா?"

உங்கள் புகார் எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றுதான்: ஈரம். மாவில் குறைந்தது, பிறகு கூடிப்போனது. சாஸில் வற்றவே இல்லை.

குறிப்பில் பிழையில்லை. 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை என்பது பொலோனியா நகரம் இருக்கும் எமிலியா-ரொமான்யா பகுதியில் வீட்டுக்கு வீடு சொல்லும் கணக்கு. ஆனால் அங்கே ஒரு முட்டையை உடைத்து ஊற்றினால் ஏறக்குறைய 55 கிராம் இருக்கும். நம் கடை முட்டையில் பெரும்பாலும் 45 கிராம்தான். இரண்டு முட்டைக்குள் 20 கிராம் ஈரம் காணாமல் போய்விடுகிறது. அதைத் தண்ணீரால் நிரப்பாமல் இன்னொரு முட்டையின் மஞ்சள் கருவைச் சேருங்கள். அதன் கொழுப்பால் மாவு வழவழப்பாகத் திரளும், நிறமும் நன்றாக இருக்கும். முட்டையை எண்ணுவதைவிட எடை போடுவது மேல்: 200 கிராம் மைதாவுக்கு 110 கிராம் முட்டை.

பிசையத் தொடங்கும்போது மாவு காய்ந்ததுபோலத்தான் இருக்கும். சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாக இருப்பதே சரி, பயப்பட வேண்டாம். உள்ளங்கையால் அழுத்தித் தள்ளி, மடித்து, 10 நிமிடம் விடாமல் பிசையுங்கள். விரலால் குத்தினால் குழி மெல்ல எழும்பி வரும். பிறகு காற்றுப் படாமல் மூடி அரை மணி நேரம் வையுங்கள். இதைத் தவிர்த்தால் மாவிலுள்ள குளூட்டன் என்ற இழுவைப் புரதம் தளராது; தேய்க்கத் தேய்க்கச் சுருங்கிக்கொண்டே இருக்கும்.

இயந்திரம் தேவையில்லை. மாவை நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றாக ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குப் பூரிக்கட்டையால் தேயுங்கள். தூக்கிப் பிடித்தால் பின்னால் உங்கள் விரல்கள் நிழலாகத் தெரிய வேண்டும். தேய்த்ததை உடனே வெட்டக் கூடாது. 10 நிமிடம் உலரவிடுங்கள். பிறகு ரவை தூவித் தளர்வாகச் சுருட்டி, 7 மில்லிமீட்டர் அகலத்தில் வெட்டி, உடனே உதறிப் பிரித்துவிடுங்கள். மைதா தூவினால் ஈரத்தில் அதுவே பசையாகிவிடும், ரவை ஒட்டாது. (இந்தத் தாலியாத்தெல்லே வகைக்கு வெந்த பிறகு 8 மில்லிமீட்டர் அகலம் என்று 1972இல் பொலோனியா வணிகச் சபையில் பதிவே செய்துவைத்திருக்கிறார்கள். அளவில் அவ்வளவு அக்கறை!)

சாஸ் தயாரான பிறகே பாஸ்தாவை வேகவையுங்கள். இரண்டு பேருக்கு அரை கிலோ தக்காளி போதும். நாட்டுத் தக்காளியில் புளிப்பும் சாறும் அதிகம், அதனால் சதைப்பற்றுள்ள பெங்களூர்த் தக்காளியாக, நன்றாகப் பழுத்ததாக வாங்குங்கள். அடியில் கீறிக் கொதிநீரில் அரை நிமிடம் போட்டெடுத்தால் தோல் சுலபமாக உரியும். மிக்ஸியில் அடிக்காதீர்கள். காற்றுப் புகுந்து நிறம் வெளிறிவிடும்; கையால் மசித்தாலே போதும்.

அகலமான வாணலியில் ஆலிவ் எண்ணெய் மூன்று தேக்கரண்டி விட்டு, நசுக்கிய பூண்டு இரண்டு பல் போட்டு மிதமான தீயில் வதக்குங்கள். பூண்டு சிவந்தால் கசக்கும். தக்காளியும் உப்பும் சேர்த்து, மூடாமல் 25, 30 நிமிடம் கொதிக்கட்டும். கரண்டியால் கோடு இழுத்தால் அந்தக் கோடு ஒரு நொடி நிற்க வேண்டும். தொக்குப் பதம் வரை போகாமல் அதற்கு முன்பே நிறுத்திவிடுங்கள். புளிப்பு இன்னும் தெரிந்தால் ஒரு துண்டு வெண்ணெய் சேருங்கள். முட்டைப் பாஸ்தாவுக்கு அது மிகவும் பொருந்தும். சர்க்கரை கடைசி வழிதான், அதுவும் ஒரு சிட்டிகை.

பேசில் இலை கிடைக்கவில்லையே என்று துளசியைப் போட்டுவிடாதீர்கள், மணம் வேறு. சப்ஜா விதை தரும் நம் திருநீற்றுப்பச்சிலையும் பேசிலும் ஒரே இனம். வாசனை சற்றுத் தூக்கலாக இருக்கும் என்பதால் நாலைந்து இலைகளை அடுப்பை அணைத்த பிறகு கிள்ளிப் போடுங்கள்.

இரண்டு லிட்டர் தண்ணீர், 20 கிராம் உப்பு. தளதளவென்று கொதிக்கும்போது பாஸ்தாவை உதிர்த்துப் போட்டு ஒருமுறை கிளறுங்கள். எண்ணெய் விடுவதில் பயனில்லை, அது மேலேதான் மிதக்கும். இரண்டு நிமிடத்தில் வெந்துவிடும். வடிகட்டி ஆறவைப்பதும், குழாய்த் தண்ணீரில் அலசுவதும் வேண்டவே வேண்டாம். நேராக எடுத்து வாணலியில் சாஸோடு சேர்த்து, வேகவைத்த தண்ணீரில் அரைக் கரண்டி ஊற்றி, ஒரு நிமிடம் பெரிய தீயில் புரட்டுங்கள். அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும் மாவுச்சத்து எண்ணெயையும் தக்காளிச் சாற்றையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். தட்டில் தண்ணீர் பிரியாது.

முட்டை சாப்பிடாதவருக்குத் தென் இத்தாலி முறை இருக்கிறது, அது எந்த வகையிலும் குறைந்ததல்ல. பாரி நகரின் பழைய தெருக்களில் பெண்கள் வாசலில் மேசை போட்டு ஒரெக்கியெத்தே என்ற சிறு குழிப் பாஸ்தா செய்வதை இன்றும் பார்க்கலாம். டியூரம் என்ற கெட்டி வகைக் கோதுமையின் மாவும் தண்ணீரும்தான் சேர்மானம். நம் ஊரில் பன்சி ரவை என்று விற்பது டியூரம் வகை. அதை மிக்ஸியில் நைசாக அரைத்துச் சலித்து, 200 கிராமுக்கு 100 கிராம் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுப் பிசையுங்கள். உப்புமா ரவையில் செய்தால் கடிபதம் குறையும். ரவை மெதுவாகத்தான் ஈரத்தை இழுக்கும் என்பதால் ஒரு மணி நேரம் ஊறட்டும். விரல் தடிமனுக்கு உருட்டி, சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் பலகையில் அழுத்தி இழுத்தால் குழிந்த சிப்பி போல வரும். வேக ஐந்தாறு நிமிடம் ஆகும். ஒன்றைக் கடித்துப் பார்த்து எடுங்கள்.

அவருக்குப் பரிமாறும்போது சீஸ் பொட்டலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அசல் பார்மிஜானோ என்ற இத்தாலியக் கெட்டி சீஸில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் நொதி சேர்கிறது, அதனால் அது சைவமல்ல. பச்சைப் புள்ளி போட்ட கெட்டி சீஸாக வாங்கித் துருவிப் போடுங்கள்.