விற்பதற்கு முன் எதையும் மாற்றாதீர்கள்
வாசகர் கேள்வி – பதில்: பழைய எலெக்ட்ரிக் கிட்டார்கள்

கேள்வி: என் மாமாவின் 1973 ஃபென்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் இப்போது எங்களிடம் இருக்கிறது. எண்பதுகளில் அதை வைத்துத்தான் மேடைகளில் வாசித்தார். கறுப்பு பெயின்ட் பிற்பாடு அடித்தது. பிரிட்ஜ் (தந்திகள் பாடியில் மாட்டும் இடம்) பக்கம் ஹம்பக்கர் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் இரட்டைச் சுருள் காந்தம்) போடுவதற்காக மரத்தைக் குடைந்திருக்கிறார்கள். ட்யூனர்களும் (தந்தியை முறுக்கும் குமிழ்கள்) மாற்றியவை. ஃப்ரெட்கள் (நெக்கின் குறுக்கே உள்ள உலோகக் கம்பிகள்) நன்றாகத் தேய்ந்துவிட்டன. பழைய நிறத்துக்குக் கொண்டுவந்து, புது ஃப்ரெட் போட்டு விற்றால் நல்ல விலை போகும் என்கிறார் குடும்ப நண்பர். செய்யலாமா?
– வாசகி, ஸ்கார்பரோ

பதில்: வேண்டாம். ஒருமுறை மறுபெயின்ட் அடித்த கிட்டார், அதற்குப் பிறகு எத்தனை முறை சுரண்டி அடித்தாலும் மறுபெயின்ட் கிட்டார்தான். பழைய கிட்டார் வாங்குபவர் காசு கொடுப்பது 1973இல் தொழிற்சாலையில் பூட்டியபடியே இன்றும் இருக்கும் பாகங்களுக்கு. புது பெயின்ட் அதில் எதையும் திருப்பித் தராது. மாறாக, மரத்தில் இருக்கும் ஆதாரங்களை மூடிவிடும். புது ஃப்ரெட்டும் அப்படியே. வாசிக்கிறவர் தனக்குப் பிடித்த அளவில் போட்டுக்கொள்வார், சேகரிப்பவர் பழையதையே கேட்பார். நீங்கள் செலவழிக்கும் பணம் இரண்டு பேரிடமிருந்தும் திரும்பி வராது.

முதல் வேலை, மாமாவின் பெட்டிகளையும் அலமாரியையும் தேடுவது. அந்தக் காலத்தில் பிக்கப்பை மாற்றியவர்கள் கழற்றியதைப் பெரும்பாலும் தூக்கிப் போடவில்லை. மூன்று பிக்கப்களில் ஒன்று, முதுகில் 'எஃப்' எழுத்து பொறித்த ட்யூனர்கள், வெள்ளை நிற மூன்றடுக்கு பிக்கார்டு (பாடியின் முன்பக்கத் தகடு), ட்ரெமொலோ கைப்பிடி (சுருதியை அசைக்கும் கம்பி), பின்பக்க மூடி, பழைய கேஸ், கடை ரசீது: இதில் எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். ஆனால் கிட்டாரில் திரும்பப் பூட்ட வேண்டாம். ஒரு உறையில் போட்டுக் கூடவே கொடுங்கள். பழைய பிக்கப்பை நீங்களே பற்றவைக்கப் போய் கம்பி அறுந்தால் இருந்த மதிப்பும் போய்விடும்.

அடுத்து, திறந்து பார்க்க வேண்டும். விவரம் தெரிந்தவர் யாரும் உள்பக்கப் படம் இல்லாமல் இந்த வயதுக் கிட்டாருக்கு முழு விலை தரமாட்டார்.

ஆறு தந்திகளையும் முழுவதும் தளர்த்துங்கள். பிக்கார்டின் 11 திருகுகளுக்கு ஒன்றாம் நம்பர் பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர், நெக் பிளேட்டுக்கு (நெக்கைப் பாடியோடு பூட்டும் பின்பக்கத் தகடு) இரண்டாம் நம்பர். மின்சார ஸ்க்ரூடிரைவர் கூடவே கூடாது. பிக்கார்டைத் தூக்கும்போது ஜாக்குக்கு (கேபிள் சொருகும் துளை) போகும் இரண்டு கம்பிகளும், பின்னால் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் தகட்டுக்குப் போகும் எர்த் கம்பியும் இழுபடும். அவை நீளமானவை அல்ல. ஒரு துண்டை விரித்து அதன்மேல் மெதுவாகத் திருப்பி வையுங்கள். உங்கள் கிட்டாரின் நெக் பிளேட்டில் மூன்று திருகுதான் இருக்கும். 1971 கடைசியிலிருந்து பத்தாண்டுக் காலம் ஃபென்டர் அப்படித்தான் செய்தது. அதில் இரண்டு மரத் திருகு, ஒன்று நெக்கில் பதித்த உலோகத்துக்குள் போகும் போல்ட். எது எந்தத் துளையிலிருந்து வந்தது என்று குறித்து வையுங்கள். திரும்ப முடுக்கும்போது முதலில் இடப்பக்கமாக, அதாவது கழற்றும் திசையில், சுற்றுங்கள். திருகு பழைய புரியில் 'டக்' என்று இறங்குவது விரலுக்குத் தெரியும். அதன் பிறகு வலப்பக்கம் முடுக்கினால் மரத்தில் புதுப் புரி வெட்டாது. ஐம்பது வயது மரத்தில் துளைகள் தளர்ந்து போவது பெரும்பாலும் இந்த ஒரு நிதானம் இல்லாததால்தான்.

உள்ளே பார்க்க வேண்டியவை: பாட்களின் (வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் பாகங்கள்) முதுகில் ஏழு இலக்க எண் இருக்கும். 1377308 என்றால் 137 என்பது சிடிஎஸ் நிறுவனம், 73 ஆண்டு, 08 எட்டாவது வாரம். 304 என்று தொடங்கினால் ஸ்டாக்போல். பாட் வாங்கி வைத்துப் பிறகுதான் பூட்டுவார்கள் என்பதால், கிட்டார் அந்தத் தேதிக்கு முந்தியதாக இருக்க முடியாது, பிந்தியதாக இருக்கலாம். எண்ணைப் பார்ப்பதற்காக ஈயப் பற்றைச் சுரண்டாதீர்கள். யாரும் தொடாத பற்றுக்குத் தனி மதிப்பு உண்டு. நெக் பிளேட்டின் சீரியல் எண்ணை மட்டும் நம்பவும் வேண்டாம். பிளேட்டை மாற்ற இரண்டு நிமிடம் போதும். பிக்கப் காந்தத் தூண்கள் மேடும் பள்ளமுமாக இருந்தால் 1973க்குப் பொருந்தும். 1974 இறுதிவாக்கில் எல்லாம் ஒரே மட்டமாகிவிட்டன. ஹெட்ஸ்டாக்கின் (ட்யூனர்கள் இருக்கும் தலைப்பகுதி) முகப்பையும் கவனியுங்கள். ஃபென்டர் 1968இல் பாலியெஸ்டர் பூச்சுக்கு மாறிய பிறகும், பெயர்ச் சித்திரம் ஒட்டும் அந்தப் பரப்புக்கு மட்டும் பழைய நைட்ரோ லாக்கரையே (நாளாவட்டத்தில் மஞ்சளாகும் பூச்சு) அடித்தது. அதனால் முகப்பு மட்டும் நெக்கின் மற்ற பகுதியைவிட மஞ்சள் பூத்திருந்தால் நல்ல அறிகுறி. எல்லாம் ஒரே நிறமாக இருந்தால் அதையும் யாரோ தொட்டிருக்கலாம்.

பிக்கப் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க எதையும் பிரிக்க வேண்டியதில்லை. கேபிளைச் சொருகி, வால்யூமை முழுக்கத் திறந்து, கேபிளின் மறுமுனையில் மல்டிமீட்டரை வையுங்கள். பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் செலக்டரை ஒவ்வொரு பிக்கப்பாக நகர்த்துங்கள். அந்தக் கால ஸ்ட்ராட் பிக்கப் ஏறக்குறைய 5.5 முதல் 6 கிலோ ஓம் காட்டும். ஹம்பக்கர் 13 கிலோ ஓமுக்கு மேல் காட்டினால் அது எழுபதுகளின் டிமார்சியோ சூப்பர் டிஸ்டார்ஷனாக இருக்கலாம். 1972இல் வந்த பிக்கப் அது. அடியிலுள்ள முத்திரையைப் படம் எடுங்கள், அதற்கும் தேடி வாங்குவோர் உண்டு. 250 கிலோ ஓமுக்குப் பக்கத்தில் எண் வந்தால் சுருள் அறுந்திருக்கிறது, மீட்டர் காட்டுவது வால்யூம் பாட்டை மட்டும். சுருளின் கம்பி தலைமுடியை விட மெல்லியது. வியர்வை உப்பு இறங்கினால் அரித்து அறுந்துவிடும். அதைத் திரும்பச் சுற்ற வேண்டாம். 'நடுப் பிக்கப் அறுந்துள்ளது' என்று எழுதி அப்படியே விற்பதுதான் சரி.

செய்யக்கூடிய பழுதுகள் மிகச் சில. கரகரக்கும் பாட்டுக்குள் கான்டாக்ட் கிளீனர் ஒரு பீய்ச்சு, ஜாக்கின் தளர்ந்த நட்டை முடுக்குவது, புதுத் தந்தி, ஈரம் பிழிந்த பருத்தித் துணியால் ஒரு துடைப்பு. கார் பாலிஷ் ஆகாது. ட்ரஸ் ராடை (நெக் வளையாமல் தாங்கும் உள்கம்பி) திருப்பிப் பார்க்கும் பொறுப்பைப் பட்டறைக்காரரிடம் விடுங்கள். அது இறுகிப் போயிருந்தால் பலவந்தமாகத் திருப்புவதில் நெக்கே போய்விடும். 'ட்ரஸ் ராடு வேலை செய்கிறது, ஃப்ரெட் உயரம் இவ்வளவு' என்று அவர் எழுதித் தரும் இரண்டு வரி, புது பெயின்டை விட விலைக்கு உதவும். புது ஃப்ரெட் சுமார் 1.1 மி.மீ. உயரம் இருக்கும். அதில் பாதிக்கு வந்துவிட்டால், மறுஃப்ரெட் செலவைக் கழித்துத்தான் வாங்குபவர் விலை பேசுவார். அது நியாயம்தான்.

விலைக்கு வருவோம். விற்பனைக்குப் போட்டிருக்கும் விலைகளைப் பார்க்காதீர்கள், விற்றுப்போன விலைகளைப் பாருங்கள். இசைக்கருவிகள் விற்கும் ரெவர்ப் இணையதளத்தில் அதைத் தேட முடியும். மறுபெயின்ட் அடித்த கிட்டார், அசல் பெயின்ட் உள்ளதில் ஏறக்குறைய பாதி என்பது சந்தையில் நெடுநாளாக இருக்கும் கணக்கு. குடைந்த பாடிக்கு அதிலிருந்தும் குறையும். அதனால் முழு அசல் கிட்டாரின் விலையிலிருந்து கழித்துக்கொண்டு வராமல், உங்களுடையதைப் போலவே மறுபெயின்ட்டும் குடைவும் உள்ள எழுபதுகளின் ஸ்ட்ராட்கள் என்ன விலைக்குப் போயின என்று மூன்று நான்கு பிடியுங்கள். கடைக்காரர் ரொக்கமாக எடுத்தால் தான் விற்கும் விலையில் பாதியை ஒட்டித்தான் தருவார். கடையில் வைத்து விற்றுத் தரச் சொன்னால் ஐந்தில் ஒரு பங்கு அளவில் கமிஷன் போகும். அவசரம் இல்லையென்றால் இரண்டாவதே மேல்.

விளம்பரத்தை இப்படி எழுதலாம்: '1973 ஸ்ட்ராட்டோகாஸ்டர். பாடியும் நெக்கும் 1973. கறுப்பு நிறம் மறுபெயின்ட். பிரிட்ஜ் பிக்கப் குழி ஹம்பக்கருக்காகக் குடையப்பட்டது. நெக், நடுப் பிக்கப்கள் அசல். இரண்டு பாட்கள் 1973 எட்டாவது வாரம், வால்யூம் பாட் மாற்றியது. ட்யூனர்கள் மாற்றியவை, ஹெட்ஸ்டாக் பின்னால் பழைய திருகுத் துளைகள் தெரியும். ஃப்ரெட் தேய்ந்தது.' உங்கள் கிட்டாரில் கண்டதை மட்டும் இதில் நிரப்புங்கள். குடைந்த இடத்தைப் பிக்கார்டு மறைத்துக்கொள்ளும், வெளியே தெரியாது. அதனாலேயே அந்தப் படத்தை முன்னால் போடுங்கள். வீட்டுக்குப் போய்த் திறந்து பார்த்துக் கண்டுபிடித்தவர் கிட்டாரைத் திருப்பி அனுப்புவார், அதன் பிறகு உங்கள் மற்ற வார்த்தையையும் யாரும் நம்பமாட்டார்கள்.

பாகம் பாகமாகப் பிரித்து விற்றால் கூடுதல் பணம் வரலாம் என்றும் சொல்வார்கள். சில சமயம் உண்மைதான். ஆனால் பாடியும் நெக்கும் அரை நூற்றாண்டு சேர்ந்தே இருந்திருந்தால் அவற்றைப் பிரிக்காதீர்கள் என்றே கேட்டுக்கொள்வேன். பிரிந்த பிறகு அவற்றை யாராலும் ஒன்று சேர்க்க முடியாது.

கேள்வி: என்னிடம் 1972 கிப்சன் லெஸ் பால் டீலக்ஸ் உள்ளது. மினி ஹம்பக்கர் குழிகளைப் பெரிதாக்கி முழு அளவு ஹம்பக்கர் போட்டிருக்கிறார்கள். குழியை அடைத்துப் பழையபடி ஆக்கலாமா?
– வாசகர், லண்டன்

பதில்: அடைக்க வேண்டாம். டீலக்ஸ் மாடலுக்கு மிக அதிகமாக நடந்த மாற்றம் இதுதான். முழு ஹம்பக்கர் லெஸ் பால் வேண்டும், விலை கட்டுப்படி ஆக வேண்டும் என்று நினைப்பவர்கள் இப்படிப்பட்டதையே தேடுகிறார்கள். பழைய மினி ஹம்பக்கர்களும் அவற்றின் சட்டங்களும் இருந்தால் தனியே நல்ல விலை பெறும். நீங்கள் அதிகம் கவலைப்பட வேண்டியது ஹெட்ஸ்டாக். மஹாகனி மரம், பின்சாய்வு, ட்ரஸ் ராடு நட்டுக்காக எடுத்த பள்ளம் மூன்றும் ஒரே இடத்தில் சேர்வதால் கிப்சன்கள் கீழே விழுந்தால் அங்கேதான் முறியும். தந்தியைக் கழற்றி, ஹெட்ஸ்டாக் தொடங்கும் இடத்தில் தந்திகளைத் தாங்கும் நட்டுக்குப் பின்னால் சாய்வாக வெளிச்சம் அடித்து, மயிரிழைக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். முறிந்ததை ஒட்டியது உறுதியாக இருந்தாலும் சொல்லாமல் விற்கக் கூடாது.

கேள்வி: பிங்க் ஃபிளாய்ட் கிட்டார் கலைஞர் டேவிட் கில்மோரின் கறுப்பு ஸ்ட்ராட்டும் மாற்றி மாற்றிப் பூட்டியதுதானே? அது கோடிக்கணக்கில் போனதே?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: 2019 ஜூனில் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 39,75,000 டாலருக்குப் போனது. நெக் உட்படப் பலமுறை மாறிய கிட்டார் அது. வாங்கியவர் பணம் கொடுத்தது கில்மோரின் கை பட்டதற்கு. ஒவ்வொரு மாற்றமும் எப்போது, எதற்காக என்பதற்குப் படமும் பதிவும் இருந்தன. உங்கள் ஊரில் பெயர் பெற்ற ஒருவர் வாசித்த கிட்டார் என்றால் உங்களுக்கும் அதே வழிதான். வாய்ச்சொல் போதாது. மேடைப் படத்தில் தெரியும் ஒரு கீறலோ, மரத்தின் ரேகையோ இன்று உங்கள் கையில் இருக்கும் கிட்டாரோடு பொருந்திக் காட்ட வேண்டும்.

கேள்வி: கோலாலம்பூரிலிருந்து ஜெர்மனிக்கு விற்கிறேன். எழுபதுகளின் ஃபென்டர், ரோஸ்வுட் ஃபிங்கர்போர்டு. மரத்துக்கு அனுமதி வேண்டுமா?
– வாசகர், கோலாலம்பூர்

பதில்: எழுபதுகளில் ஃபென்டர் போட்டது இந்திய ரோஸ்வுட், நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம். 2017 தொடக்கத்தில் ரோஸ்வுட் இனம் முழுவதும் சைட்டீஸ் (அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலுக்குள் வந்தது. 2019 நவம்பர் 26 முதல் முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு அதில் விலக்கு. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு இந்த விலக்கு கிடையாது. அது 1992இலிருந்தே முதலாம் பட்டியலில் இருக்கிறது. அறுபதுகளின் நடுப்பகுதி வரையிலான ஃபென்டர்களில் அது இருக்கலாம், அவற்றை அனுமதி இல்லாமல் எல்லை தாண்டி அனுப்பினால் பறிமுதல்தான். சுங்கப் படிவத்தில் மரத்தின் பெயரையும் உண்மை விலையையும் எழுதுங்கள். 'அன்பளிப்பு' என்று குறைத்துப் போட்டால் வழியில் உடைந்தால் காப்பீடு அந்தக் குறைந்த தொகைக்குத்தான்.

கேள்வி: அனுப்பும்போது உடையாமல் எப்படிப் பொட்டலம் கட்டுவது?
– வாசகர், சிட்னி

பதில்: தந்திகளை ஒன்றிரண்டு சுருதி இறக்குங்கள், முழுக்கக் கழற்ற வேண்டாம். தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே மெல்லிய அட்டை. ட்ரெமொலோ கைப்பிடியைக் கழற்றித் தனியே சுற்றுங்கள். கேஸை மூடி ஆட்டினால் உள்ளே எதுவும் நகரக் கூடாது. குறிப்பாக ஹெட்ஸ்டாக்கின் அடியிலும் இருபுறமும் துணி அல்லது ஃபோம் திணியுங்கள். கேஸைச் சுற்றி 5 செ.மீ. இடைவெளி விட்டு இரட்டைச் சுவர் அட்டைப்பெட்டியில் வைத்து, அந்த இடைவெளியையும் நிரப்புங்கள். வாங்குபவர் குளிர்நாட்டில் இருந்தால், பெட்டி வந்ததும் 24 மணி நேரம் திறக்காமல் அறையிலேயே வைக்கச் சொல்லி மேலே ஒரு சீட்டு ஒட்டுங்கள். உறைந்த லாக்கர் திடீரென்று வெதுவெதுப்பான காற்றில் பட்டால் விரிசல் விட்டுவிடும்.