அம்மாவோட பயாப்சி பிளாக்கை ஆஸ்பத்திரியில தரமாட்டேங்குறாங்க, என்ன பண்றது?

கேள்வி: திண்டுக்கல் பக்கத்துல இருந்து எழுதுறேன் மேடம். அம்மாவுக்கு 58 வயசு, மார்புல கட்டி. பிரைவேட் ஆஸ்பத்திரில ஒருநாள் அட்மிட் பண்ணி பயாப்சி எடுத்தாங்க, கேன்சர்னு வந்துருச்சு, அடுத்த வாரமே மார்பகத்தை எடுக்கணுமாம். இன்னொரு டாக்டர்கிட்டயும் ஒருதடவ காட்டிக்கிறோம் சார்னு கேட்டதுக்கு "நம்பிக்கை இல்லைன்னா கூட்டிட்டு போங்க, திரும்பி இங்க வராதீங்க"ன்னு டாக்டர் கோவப்பட்டுட்டார். ஃபைல், சிலைடு எல்லாம் ஆஸ்பத்திரி சொத்துன்னு சொல்லிட்டாங்க. அம்மாகிட்ட சாதாரண கட்டின்னு தான் சொல்லி வச்சிருக்கோம். டாக்டரை பகைச்சுக்காதேன்னு மாமா சொல்றார். கேஸ் போடலாமா?

பதில்: தம்பி, கேஸ் பத்தி அப்புறம் பேசுவோம், ஆபரேஷன் தேதி நெருங்குது, முதல்ல ரிப்போர்ட் காப்பி, ஸ்கேன் சிடி, பயாப்சி சிலைடு (எடுத்த சதையோட மெல்லிய சீவல் ஒட்டின கண்ணாடி), பிளாக் (அந்த சதையை மெழுகுல பதிச்சு வச்சது) இதெல்லாம் உங்க கைக்கு வரணும்.

ஃபைலோட ஒரிஜினலை ஆஸ்பத்திரி வச்சுக்கட்டும், அதுல தப்பில்ல, ஆனா காப்பி தரமாட்டேன்னு சொல்ல அவங்களுக்கு உரிமை கிடையாது. டாக்டர்களுக்கு இந்திய மருத்துவக் கவுன்சில் போட்ட 2002 நடத்தை விதிகள் தான் இன்னைக்கும் நடைமுறைல இருக்கு (2023-ல புதுசா ஒண்ணு கொண்டுவந்து அதே மாசமே நிறுத்தி வச்சுட்டாங்க). அதுல 1.3.2-ஐ பாருங்க, பேஷண்டோ அவங்க அதிகாரம் குடுத்த ஆளோ கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள ஆவணங்களை குடுத்தாகணும். அட்மிட் ஆன பேஷண்ட்டுக்கு குடுக்க மறுத்தா 7.2-படி அது நடத்தைக் குற்றம், தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில்ல புகார் பண்ணலாம். பம்பாய் ஹைகோர்ட்டும் 1996-லயே, பேஷண்ட் கேட்டா கேஸ் பேப்பர் குடுக்கணும்னு சொல்லிருச்சு. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல தயாரிச்ச நோயாளிகள் உரிமை சாசனத்துல உள்ள 17 உரிமைல செகண்ட் ஒபினியனும் ஒண்ணு, அதுக்கு வேண்டிய ரெக்கார்டை தாமதமில்லாம குடுக்கணும், கேட்டுட்டாங்கன்னு கவனிப்புல குறை வைக்கக்கூடாதுன்னும் அதுல இருக்கு. சாசனம் சட்டம் மாதிரி நேரடியா கட்டுப்படுத்தாது, ஆனா லெட்டர்ல அதையும் சேர்த்து எழுதுங்க.

சிலைடு, பிளாக் விஷயத்துல ஒரு சின்ன சிக்கல் இருக்கு. விதில "மருத்துவ ஆவணம்"னு தான் இருக்கு, பிளாக்குன்னு தனியா எழுதல. ஆனா கையெழுத்து வாங்கிட்டு குடுக்கறது லேப்கள்ல வழக்கம் தான், ஏன்னா அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டோ வேலூர் சிஎம்சியோ எங்க போனாலும் ரிப்போர்ட் பேப்பரை மட்டும் பார்த்து முடிவு சொல்ல மாட்டாங்க, சிலைடை அவங்க பேத்தாலஜிஸ்ட் (சதையை மைக்ராஸ்கோப்ல பார்த்து நோயை சொல்ற டாக்டர்) மறுபடி பார்க்கணும்பாங்க. பிளாக்கைக் குடுக்க தயங்கினா அதுலயிருந்து புதுசா சீவி எடுத்த சிலைடாவது கேளுங்க. பிளாக்குங்கறது சின்ன பிளாஸ்டிக் ஃபிரேமுக்குள்ள இருக்கற மெழுகுத் துண்டு, ஓரத்துல பயாப்சி நம்பர் எழுதியிருக்கும், அந்த நம்பரும் ரிப்போர்ட்ல உள்ள நம்பரும் ஒண்ணான்னு கவுண்டர்லயே நின்னு பார்த்து வாங்குங்க. வெயில்ல நிக்கற கார் டேஷ்போர்டு மேல மட்டும் வச்சுடாதீங்க.

லெட்டரை நீண்டதா எழுத வேண்டாம். அம்மா பேர், ஐபி நம்பர் (அட்மிட் பண்ணப்போ குடுத்தது), பயாப்சி தேதி, என்னென்ன வேணும், விதி 1.3.2-ன் கீழ் கேட்கிறேன், என் மகனிடம் கொடுக்கவும், இவ்வளவு போதும். மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் செக்‌ஷன்ல குடுத்து உங்க காப்பில சீலும் நேரமும் போட்டு வாங்குங்க, வாங்க மறுத்தா அன்னைக்கே ஸ்பீட் போஸ்ட், கூடவே ஒரு மெயில்.

ஆனா தம்பி, அந்த லெட்டர்ல கையெழுத்து போட வேண்டியது யாரு? அம்மா தான். உரிமை உங்களோடது இல்ல, அவங்களோடது. நீங்க எல்லாரும் சேர்ந்து மறைச்சு வச்சிருக்கற விஷயத்துக்கு அவங்களே கையெழுத்து போடணும், இதை எப்படி பண்ணுவீங்க? என் ஆபீஸுக்கு வந்த ஒரு அம்மா, பசங்க வெளிய போன நேரமா பார்த்து "ரேடியேஷன் பண்ற ரூம் வாசல்ல கேன்சர்னு போர்டு மாட்டியிருக்கே மேடம், எனக்கு படிக்க தெரியும்ல"ன்னு மெதுவா சொன்னாங்க, மூணு மாசமா தெரியாத மாதிரியே இருந்திருக்காங்க, பசங்க மனசு கஷ்டப்படும்னு. உங்க அம்மாகிட்ட நீங்களே பக்கத்துல உக்காந்து சொல்லுங்க, இல்ல நல்லா பேசத் தெரிஞ்ச ஒரு டாக்டரை விட்டு சொல்ல வைங்க. அன்பால தான் மறைச்சீங்க, தெரியுது, ஆனா மார்பகத்தை எடுக்கறதுக்கு சம்மதம் குடுக்க வேண்டியதும் அவங்க தான். சமீரா கோலி வழக்குல 2008-ல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிருக்கு, என்ன சிகிச்சை, என்ன ஆபத்து, வேற வழி உண்டா, பண்ணலைன்னா என்ன ஆகும்னு சொன்னதுக்கு அப்புறம் வாங்கறது தான் சம்மதம், பரிசோதனைக்கு குடுத்த சம்மதம் ஆபரேஷனுக்கு செல்லாது. ஏதாவது ஃபார்ம்ல ஏற்கனவே கையெழுத்து வாங்கியிருந்தாலும் ஆபரேஷனுக்கு முன்னாடி அம்மா அதை வாபஸ் வாங்கலாம்.

டாக்டர் கோவத்துக்கு வர்றேன். எமர்ஜென்சி இல்லாதப்போ இன்னாரைத் தான் பார்ப்பேன்னு பிரைவேட் டாக்டர் சொல்லலாம், ஆனா கேஸை எடுத்துக்கிட்ட பிறகு போதிய அவகாசம் குடுக்காம கைவிடக்கூடாதுன்னு அதே விதிகள்ல 2.4 சொல்லுது. அதனால மாமா சொல்ற மாதிரி பகைச்சுக்கவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். திரும்ப போய் "சார், ஆபரேஷன் வேண்டாம்னு சொல்லல, எத்தனை நாள் தள்ளினா அம்மாவுக்கு பாதகம் வராது, அதை எழுதி குடுங்க"ன்னு கேளுங்க. அந்த பதில் உங்களுக்கு ரொம்ப முக்கியம், அவர் சொல்ற நாளுக்குள்ள செகண்ட் ஒபினியனை முடிச்சாகணும், ரெக்கார்டுக்காக சண்டை போட்டுக்கிட்டே வைத்தியத்தை விட்றாதீங்க.

கேஸ்னா, காசு குடுத்து பார்க்கற வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்குள்ள வரும்னு 1995-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. இரண்டு வருஷம் டைம் இருக்கு, உங்க மாவட்ட நுகர்வோர் கமிஷன்லயே போடலாம். அம்மா பெண்ங்கறதால வருமானம் பார்க்காம இலவச சட்ட உதவி உண்டு, 15100-க்கு கூப்பிடுங்க. (இதைப் படிக்கறவங்க அரசு ஆஸ்பத்திரில இருந்தா ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்ட மனு) போடுங்க, உயிர் சம்பந்தப்பட்டதுன்னு மனுல எழுதினா 30 நாள் இல்ல, 48 மணி நேரத்துல பதில் தரணும்.)

இன்னைக்கு ராத்திரி அம்மாகிட்ட பேசுங்க, காலைல லெட்டரை எடுத்துட்டு போங்க. 72 மணி நேரம் தாண்டியும் தரலைன்னா சீல் போட்ட காப்பியை எனக்கு அனுப்புங்க, நோட்டீஸ் நான் எழுதித் தர்றேன்.