'ஃப்ரீ டவுன்லோடு' என்றுதான் போட்டிருந்தது!

கேள்வி: பெரம்பூரில் சின்ன போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாண வீடியோவுக்கு 'ஃப்ரீ டவுன்லோடு' தளங்களில்தான் சினிமாப் பாட்டு எடுப்பேன். ஒரு ஜோடியின் வீடியோவை எங்கள் யூடியூப் சேனலில் போட்டதற்கு, 2 லட்சம் கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. ஜெயில் வரை போகுமா? செலவில்லாமல் முறையாகப் பாட்டு எங்கே கிடைக்கும்?

பதில்: அந்த வீடியோவை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆவது பிரிவு, 'தெரிந்தே' மீறுபவருக்கு 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் சொல்கிறது. நோட்டீஸ் கைக்கு வந்த பிறகும் வீடியோ ஓடினால், 'தெரியாது சார்' எடுபடாது. இது கோர்ட் மனது வைத்தால்தான் ஜாமீன் கிடைக்கும் வகைக் குற்றம் என்று 2022இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனால் பயந்து சாக வேண்டாம். பணம் கேட்டு வரும் நோட்டீஸ் பெரும்பாலும் பேசி முடிக்கத்தான் வருகிறது. 2 லட்சம் என்பது அவர்கள் தொடங்கும் விலை. வக்கீல் மூலமாகப் பதில் கொடுங்கள். அவசரப்பட்டு 'தப்புதான்' என்று வாட்ஸ்அப்பில் மட்டும் எழுதிவிடாதீர்கள்.

அந்தத் தளக்காரர், பக்கத்து வீட்டு மாங்காயைப் பறித்து இனாமாகக் கொடுப்பவர். 30 விநாடிக்குள் எடுத்தால் தப்பில்லை என்பதும் ஸ்டுடியோக்காரர்கள் பரப்பிய கதைதான். சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. கல்யாணத்துக்கு ஒரு சலுகை உண்டு, ஆனால் அது மண்டபத்திலும் ஊர்வலத்திலும் பாட்டு போடுவதற்கு. வீடியோவில் கோர்த்து சேனலில் ஏற்றுவதற்கு அல்ல.

சரி, எங்கே எடுப்பது? யூடியூப் ஸ்டுடியோவிலேயே 'ஆடியோ லைப்ரரி' இருக்கிறது. சிலவற்றுக்கு அங்கே கொடுத்திருக்கும் பெயர்க் குறிப்பை அப்படியே விவரத்தில் போட்டால் போதும், மற்றவற்றுக்கு அதுவும் வேண்டாம். 'ஃப்ரீ மியூசிக் ஆர்கைவ்' தளத்தில் படைத்தவரே நிபந்தனையோடு இலவசமாகத் தரும் 'கிரியேட்டிவ் காமன்ஸ்' உரிமத்தில் நிறைய உண்டு. அங்கே உரிமத்தின் எழுத்துகளைக் கவனியுங்கள். 'என்சி' என்றிருந்தால் வியாபாரத்துக்குக் கூடாது. நீங்கள் கூலி வாங்குகிறவர். 'என்டி' என்றால் மாற்றம் செய்யக் கூடாது, அதையும் விடுங்கள். படத்தோடு இசையைக் கோர்ப்பதே மாற்றம் செய்ததாகும். உரிமம் தெரியும் பக்கத்தைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

பழைய பாட்டென்றால் கணக்கு வேறு. ஒலிப்பதிவுக்கு 60 வருடம்: 1960இல் வெளியான இசைத்தட்டின் பதிவுரிமை 2020 டிசம்பரோடு முடிந்தது. பாடல் வரிக்கும் மெட்டுக்கும் தனி உரிமை, படைத்தவர் காலமாகி 60 வருடம் வரை. பாபநாசம் சிவன் மறைந்தது 1973இல், அதனால் அவர் பாடல்களுக்கு 2033 முடிய உரிமை உண்டு.

தியாகராஜர் மறைந்தது 1847இல். கீர்த்தனைக்கு உரிமை கோர ஆளில்லை, அதைப் பாடிய பாடகரின் கேசட்டுக்கு உண்டு. அதனால் அடுத்த முகூர்த்தத்தில், மண்டபத்து நாதஸ்வர வித்வானிடம் இரண்டு வரி சம்மதக் கடிதம் வாங்கிக்கொண்டு, அவர் வாசிக்கும் தியாகராஜர் கீர்த்தனையை நல்ல மைக் வைத்து நீங்களே பதிவு செய்யுங்கள்.