சந்தனத்துக்கு வீடு வேண்டும்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

ஐந்து மாதமாக எங்கள் வீட்டில் இருக்கும் சந்தனத்துக்கு ஒரு நல்ல வீடு தேடுகிறேன். ஆண் நாய், சந்தன நிறம், 34 கிலோ எடை. பல்லைப் பார்த்து நான்கு வயது இருக்கும் என்றார் டாக்டர். பள்ளிக்கரணைப் பக்கம் அறுந்த சங்கிலியோடு திரிந்தவன். பதினைந்து வருடமாக நாய்களை மீட்டு வளர்க்கிறேன், இவ்வளவு சாதுவான பெரிய நாயைப் பார்த்தது குறைவு. தத்து கேட்டு வந்தவர்களின் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, வேளச்சேரியில் இரண்டு படுக்கையறை ஃபிளாட், மூன்றாவது மாடி. இவ்வளவு பெரிய நாய்க்கு அது போதுமா?

போதும் தம்பி. வளர்ந்த நாய் பகலில் பெரும்பாலும் தூங்கும். சந்தனமும் ஃபேனுக்கு அடியில் மல்லாந்து கிடப்பான். அவனுக்கு வேண்டியது உங்கள் நேரம். காலையில் முக்கால் மணி, மாலையில் முக்கால் மணி நடக்க வேண்டும், மழை பெய்தாலும் வெளியே போயே ஆக வேண்டும். சித்திரை, வைகாசியில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். புறங்கையைத் தார்ச்சாலையில் ஐந்து நொடி வைத்துப் பாருங்கள், உங்களுக்குச் சுட்டால் அவன் பாதத்துக்கும் சுடும்.

இடத்தைவிட எனக்குக் கவலை உங்கள் தரைதான். வழுவழு டைல்ஸில் கனமான நாய்க்குப் பின்னங்கால் சறுக்கிக்கொண்டே இருந்தால் இடுப்பு மூட்டு கெடும். அவன் நடக்கிற வழியில் ரப்பர் பாய் போட்டுவிடுங்கள். அப்புறம், லிஃப்ட் இருக்கிறதா? இன்று படியேறுவான், பத்து வயதில் அவனைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டி வரலாம்.

எங்கள் அசோசியேஷனில் பெரிய நாய் கூடாது என்று தீர்மானமே போட்டிருக்கிறார்கள். என்ன செய்வது?

அந்தத் தீர்மானம் செல்லாது. குடியிருப்போர் சங்கம் பெரும்பான்மை ஓட்டெடுத்தாலும் வளர்ப்பு நாயைத் தடை செய்ய முடியாது, இந்த அளவு நாய்தான் வளர்க்கலாம் என்று சொல்லவும் முடியாது, லிஃப்டில் ஏற்றாதே என்றும் சொல்ல முடியாது. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே இது இருக்கிறது. அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் சண்டையோடு தொடங்க வேண்டாம். கயிறு இல்லாமல் வெளியே கூட்டி வராதீர்கள், கழிவை நீங்களே அள்ளுங்கள், லிஃப்டில் யாராவது பயந்தால் அடுத்த முறைக்குக் காத்திருங்கள். சென்னையில் மாநகராட்சி உரிமமும், தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப்பும் கட்டாயம், அதையும் முடித்துவிடுங்கள்.

மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது. கடிப்பானா?

என் தங்கை பிள்ளைகள் இவன் மேல் சாய்ந்துதான் டிவி பார்க்கிறார்கள், இதுவரை உறுமியதுகூட இல்லை. ஆனால் ‘எந்த நாயும் கடிக்கவே கடிக்காது’ என்று நான் எழுதித் தர மாட்டேன். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் குழந்தையை அருகே விடாதீர்கள், இருவரையும் தனியே விட்டுப் போகாதீர்கள். இவனிடம் நிஜமான ஆபத்து வால்தான். சந்தோஷத்தில் வீசினால் குழந்தை சாய்ந்துவிடும்.

லேப்ரடாரா, ராஜபாளையமா? காவலுக்கு ஆவானா?

தலையும் பசியும் லேப்ரடார். நீண்ட காலும் ஒடுங்கிய வயிறும் ராஜபாளையம் என்று என் கணிப்பு. ராஜபாளையம் நாய்களில் சிலவற்றுக்கு வெள்ளை நிறத்தோடு காது கேளாமையும் சேர்ந்து வரும், இவனுக்குக் காது நன்றாகக் கேட்கிறது. புது ஆள் வந்தால் இரண்டு தடவை குரைப்பான், மூன்றாவதற்குள் செருப்பைக் கவ்விக்கொண்டு வரவேற்பான். செங்கல்பட்டுப் பக்கம் தோட்டத்துக் காவலுக்குக் கேட்ட அண்ணனுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: கட்டிப்போட்டு வளர்க்கும் இடத்துக்கு இவனைத் தர மாட்டேன்.

நாங்கள் சுத்த சைவம். தயிர்சாதம் போட்டு வளர்க்கலாமா?

தயிர்சாதம் மட்டும் போதாதும்மா, அவனுக்குப் புரதம் வேண்டும். முட்டையாவது அனுமதிப்பீர்களா, இல்லை கடையில் விற்கும் நாய்த் தீனி வாங்குவீர்களா என்று வீட்டில் பேசிவிட்டுச் சொல்லுங்கள். வெங்காயம், திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் ஆகவே ஆகாது. பாயசத்தில் கிடக்கும் திராட்சைகூட வேண்டாம்.

பெரிய நாய் வளர்க்கிற எல்லோரும் இதை மனதில் வையுங்கள். ஒரே வேளையாகக் கொட்டாமல் இரண்டு வேளையாகப் போடுங்கள், சாப்பிட்டதும் ஓடவிடாதீர்கள். நெஞ்சு ஆழமான பெரிய நாய்களுக்கு வயிறு காற்றால் உப்பி, முறுக்கிக்கொள்வது உண்டு. வயிறு புடைத்து, வாந்தியெடுக்க முயன்று ஒன்றும் வராமல் தவித்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். இரவில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை எது என்று இப்போதே விசாரித்து வையுங்கள்.

உடம்புக்கு ஏதாவது பிரச்சினை உண்டா?

வரும்போது உண்ணிக் காய்ச்சல் இருந்தது. ஈறு வெளுத்து, சாப்பாட்டைத் தொடாமல் கிடந்தான். நான்கு வாரம் டாக்ஸிசைக்ளின் கொடுத்துத் தேற்றினோம். வெறிநோய்த் தடுப்பூசியும் கருத்தடையும் ஆகிவிட்டன. உண்ணி மருந்தை மட்டும் ஒரு மாதமும் தவற விடாதீர்கள். எனக்கு இவன் சாப்பாட்டுக்கும் மருந்துக்குமாக மாதம் ஆறாயிரம் ரூபாய்க்குக் குறையாமல் ஆகிறது.

ஒரு தடவை தத்துக் கொடுத்து, திருப்பி விட்டுவிட்டார்களாமே? ஏன்?

மறைக்க மாட்டேன். பதினோராவது நாள் கொண்டுவந்து விட்டார்கள். ராத்திரி ஊளையிட்டான், ஹாலில் சிறுநீர் கழித்தான் என்று காரணம் சொன்னார்கள். இரண்டும் உண்மைதான். முன்பே விரிவாகச் சொல்லாதது என் தவறு, அதனால் இப்போது சொல்கிறேன். புது வீட்டில் முதல் மூன்று நாள் பயம், மூன்று வாரத்தில் பழக்கம், மூன்று மாதத்தில்தான் ‘இது என் வீடு’ என்ற நிம்மதி. மீட்ட நாய்களுக்கு ஏறக்குறைய இந்தக் கணக்குதான். முதல் வாரம் விருந்தாளிகளைக் கூப்பிடாதீர்கள். ராத்திரி உங்கள் அறைக் கதவோரம் அவனைப் படுக்கவிடுங்கள். சிறுநீர் கழித்தால் அடிக்காமல் இரண்டு மணிக்கொரு தரம் வெளியே கூட்டிப்போங்கள்.

திரும்பி வந்த அன்று கேட்டருகே அந்தக் கார் போன திசையைப் பார்த்தே படுத்திருந்தான். ராத்திரிச் சாப்பாட்டைத் தொடவில்லை. முடியாமல் போனால் என்னிடமே கொண்டுவந்து விடுங்கள், திட்ட மாட்டேன். தெருவில் மட்டும் விட்டுவிடாதீர்கள். 1960-ம் வருட விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி அது குற்றமும்கூட.

எனக்கு 68 வயது, மனைவிக்கு 65. எங்களுக்குத் தருவீர்களா?

ஐயா, உங்கள் அன்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பூனையைப் பார்த்து இவன் ஒரு இழுப்பு இழுத்தால் நானே தடுமாறுகிறேன். இடுப்பெலும்பு முறிந்தால் உங்கள் இருவருக்கும் கஷ்டம். என்னிடம் எட்டு வயதுப் பெண் நாய் ஒன்று இருக்கிறது, 14 கிலோதான், மெதுவாக நடப்பாள். ஒரு தடவை வந்து பாருங்களேன்.

எப்போது வந்து பார்க்கலாம்?

ஞாயிறு காலை ஆறரைக்கு வாருங்கள், நடைக்குச் சேர்ந்தே போகலாம். வீட்டில் இருக்கும் எல்லோரும் வர வேண்டும், நாய் வேண்டாம் என்பவரும்தான். கயிற்றை நீங்களே பிடித்துப் பாருங்கள். செருப்பை மட்டும் ஜன்னல் மேல் வைத்துவிட்டு உள்ளே வாருங்கள்.