விலை சரிந்த இரவும் வாங்கிய நாளும்

கிரிப்டோ முதலீடு குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் நான்கிற்கு இந்த இதழில் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: 2021 நவம்பரில் பிட்காயின் 65,000 டாலர் அளவில் இருந்தபோது மூன்று லட்சம் ரூபாய்க்கு வாங்கினேன். ஓராண்டு பொறுத்திருந்தேன். 2022 நவம்பரில் அது 16,500 டாலருக்கு இறங்கியதும் பயந்துபோய் விற்றேன். கைக்கு வந்தது சுமார் 85,000 ரூபாய். பிறகு விலை ஏறுவதைப் பார்த்து மனம் கேட்காமல், 2024 மார்ச்சில் 70,000 டாலர் விலையில் மறுபடி வாங்கி, ஆகஸ்டில் 50,000-க்கு வந்தபோது மறுபடி விற்றேன். அதே ஆண்டு டிசம்பரில் அது ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. மனத்தைக் கட்டுப்படுத்த என்ன பயிற்சி செய்யலாம்? முதல் முறை விற்ற பணம் மகனின் செமஸ்டர் கட்டணத்துக்கு உதவியது என்பது மட்டுமே ஆறுதல்.
– வாசகர், ஈரோடு

பதில்: ஆறுதல் என்று நீங்கள் எழுதியிருக்கும் கடைசி வரியில்தான் சிக்கலே இருக்கிறது. தேதி குறித்துக் கட்டியாக வேண்டிய கல்லூரிக் கட்டணத்தை, விலை பாதியாகக் குறைவது சகஜமான ஒரு பொருளில் போட்டிருந்தீர்கள். நீங்கள் விற்ற அந்த 2022 நவம்பரில், 11-ஆம் தேதிதான் எஃப்.டி.எக்ஸ். என்ற பெரிய எக்ஸ்சேஞ்ச், அதாவது கிரிப்டோ வாங்கி விற்கும் தளம், திவால் மனு தாக்கல் செய்தது. சந்தை முழுவதும் ஆடிப்போயிருந்த அந்த நாட்களில், அடுத்த மாதம் கட்டணம் கட்ட வேண்டிய ஒரு தகப்பனார் விற்றதை மனக்கட்டுப்பாட்டின் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தவறு அதற்கு ஓராண்டு முன்பே, எந்தப் பணம், எவ்வளவு பணம் என்று பார்க்காமல் வாங்கிய நாளிலேயே நடந்துவிட்டது.

எவ்வளவு போடலாம் என்பதைக் கணக்கிட, பழைய சரிவுகளே போதும். 2017 டிசம்பரில் 20,000 டாலரை நெருங்கிய பிட்காயின், ஓராண்டில் 3,200 டாலர் அளவுக்கு இறங்கியது. 2021-இல் 69,000 வரை சென்றது, அடுத்த ஆண்டு 16,000-க்கும் கீழே வந்தது. ஆகவே ஐந்தில் நான்கு பங்கு கரைந்துபோவதை வரக்கூடிய ஒன்றாகவே வைத்துக்கொண்டு, போட நினைக்கும் தொகையை ஐந்தால் வகுத்துப் பாருங்கள். மூன்று லட்சம் என்றால் 60,000. அந்த 60,000 மட்டுமே மிஞ்சி, அதுவும் இரண்டு மூன்று ஆண்டுகள் அப்படியே கிடந்தால் வீட்டில் எந்தச் செலவாவது நிற்குமா? நிற்கும் என்றால் தொகையைப் பாதியாக்கி மறுபடி கேளுங்கள். எண்பது சதவீதம் இறங்கிய ஒன்று பழைய விலைக்குத் திரும்ப ஐந்து மடங்காக வேண்டும் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

மனம் உண்மையில் விளையாடியது உங்கள் இரண்டாவது கொள்முதலில்தான். ஒரு ரூபாய் லாபம் தரும் மகிழ்ச்சியைவிட ஒரு ரூபாய் நட்டம் தரும் வலி பெரிது என்று கானமன், ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1979-இல் எழுதினார்கள். அந்த வலிதான் விட்ட இடத்திலேயே பிடிக்க வேண்டும் என்று உங்களை 70,000 டாலரில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது. இதற்குப் பயிற்சி என்று கேட்டால் நான் சொல்லக்கூடியது ஒரு நோட்டுப் புத்தகம்தான். வாங்குவதற்கு முன், இது எந்தப் பணம், எத்தனை ஆண்டுக்கு, என்ன நடந்தால் விற்பேன், ஏன் வாங்குகிறேன் என்று நான்கு வரி எழுதி, ஒரு நாள் கழித்துப் படித்துவிட்டு வாங்குங்கள். விற்பதற்கு முன்பும் அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள். என்னுடைய பழைய நோட்டில் ஒரு பக்கத்தில் காரணம் என்ற இடத்தில் "ஏறிக்கொண்டே போகிறது" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். அந்தக் கையெழுத்தைப் பார்க்க இன்றும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

கேள்வி: விலை இறங்க இறங்க வாங்கி ஆவரேஜ் செய்தால், அதாவது வாங்கிய சராசரி விலையைக் குறைத்துக்கொண்டே வந்தால், என்றாவது ஒரு நாள் அசல் திரும்பிவிடும் என்கிறார் என் நண்பர். சிறிய காயின்களுக்கும் இது பொருந்துமா?
– வாசகி, திருச்சி

பதில்: பிட்காயின் இதுவரை மீண்டு வந்திருக்கிறது என்பதை எல்லாக் காயின்களுக்குமான விதியாக உங்கள் நண்பர் எடுத்துக்கொண்டுவிட்டார். லூனா என்ற காயினுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். 2022 மே மாதத் தொடக்கத்தில் அதன் விலை 80 டாலர் அளவில் இருந்தது. டாலருக்குச் சமமாக நிற்க வேண்டிய டெரா யூ.எஸ்.டி. (UST) என்ற இணைக் காயினை யார் கொடுத்தாலும் ஒரு டாலர் மதிப்புக்கு லூனாவைப் புதிதாக உருவாக்கித் தருவது அதன் ஏற்பாடு. அந்த இணைக் காயினின் மேல் நம்பிக்கை போனதும் எல்லோரும் மாற்றிக்கொள்ள ஓடினார்கள். லூனாவின் விலை இறங்கியதால் அதே ஒரு டாலருக்கு இன்னும் அதிக லூனாவை உருவாக்க வேண்டியிருந்தது, அப்படி உருவாக்கியதால் விலை இன்னும் இறங்கியது. சுமார் 35 கோடியாக இருந்த எண்ணிக்கை சில நாட்களில் ஆறரை லட்சம் கோடியாகப் பெருகியது, விலையோ ஒரு சென்ட்டுக்கும் கீழே போனது. 40 டாலரில் பாதி விலை என்று வாங்கியவரும், 5 டாலரில் இதற்கு மேல் எங்கே இறங்கும் என்று வாங்கியவரும் ஒரே வாரத்தில் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

மாதம் ஒரு தொகை என்று முன்பே முடிவுசெய்து, விலை எதுவானாலும் வாங்குவது வேறு. நட்டத்தைப் பார்த்த பிறகு, முன்பு திட்டத்தில் இல்லாத பணத்தை எடுத்துவந்து கொட்டுவது வேறு. இரண்டுக்கும் ஆவரேஜ் என்றே பெயர் சொல்கிறார்கள். நகையை அடகு வைத்து ஆவரேஜ் செய்யும் யோசனை யாருக்காவது வந்தால், அது இரண்டாவது வகைதான் என்று தயக்கமின்றிச் சொல்லிவிடலாம்.

கேள்வி: நான் அடிக்கடி வாங்கி விற்பவன். லாபமும் நட்டமும் சரிக்குச் சரியாகவே இருக்கின்றன. பெரிய ஆபத்து இல்லைதானே?
– வாசகர், ஓசூர்

பதில்: இருக்கிறது. 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரியும் அந்த வரியின்மேல் 4 சதவீத செஸ் என்ற கூடுதல் வரியும் உண்டு. ஒரு காயினில் வந்த நட்டத்தை இன்னொரு காயினின் லாபத்தில் கழிக்கவும் முடியாது, அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்லவும் முடியாது. ஒன்றில் ஒரு லட்சம் லாபம், மற்றொன்றில் ஒரு லட்சம் நட்டம் என்றால் உங்கள் கணக்கில் பூஜ்யம், ஆனால் வருமான வரித் துறைக்குக் கட்ட வேண்டியது 31,200 ரூபாய். ஒவ்வொரு விற்பனையிலும் பிடிக்கப்படும் ஒரு சதவீத டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வரி) அந்த வரியில் கழிந்துவிடும் என்றாலும், அதுவரை பணம் முடங்கிக் கிடக்கும். கை பரபரக்கும் ஒவ்வொரு முறைக்கும் நம் நாட்டில் தனியாக ஒரு விலை இருக்கிறது. டிரேடிங் கற்றுத்தரும் வீடியோக்களில் பெரும்பாலானவை இதை வாய்தவறியும் சொல்வதில்லை.

கேள்வி: என் தம்பி 20 மடங்கு லெவரேஜில், அதாவது கட்டும் பணத்தைப் போல் 20 மடங்கு தொகைக்கு, கிரிப்டோ விலை ஏறுமா இறங்குமா என்று கணித்துச் செய்யும் ஃபியூச்சர்ஸ் வர்த்தகம் செய்கிறான். ஸ்டாப் லாஸ் (குறித்த விலை வந்ததும் நட்டத்தோடு தானாக வெளியேறும் ஆர்டர்) போட்டிருப்பதால் பயமில்லை என்கிறான்.
– வாசகி, மதுரை

பதில்: 20 மடங்கு என்றால் விலை எதிர்ப்பக்கம் ஐந்து சதவீதம் நகர்ந்தாலே அவர் ஈடாகக் கட்டிய பணமான மார்ஜின் முழுவதும் போய்விடும், பிட்காயினுக்கு ஒரே நாளில் ஐந்து சதவீதம் நகர்வது புதிதல்ல. வேகமாகச் சரியும்போது ஸ்டாப் லாஸ் நாம் குறித்த விலையில் நிறைவேறும் என்ற உத்தரவாதமும் கிடையாது. 2020 மார்ச் 12 அன்று 7,900 டாலர் அளவில் இருந்த பிட்காயின் அன்றே 5,000-க்கு அருகில் வந்து நின்றது. அவர் எவ்வளவு மார்ஜின் கட்டியிருக்கிறார், அது யாருடைய பணம் என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.