கார் முன் கண்ணாடி மாத்தப் போறீங்களா? இந்த வாட்டி வந்த கேள்விங்க

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல கன்டெய்னர் லாரி பின்னாடி போனப்போ கல்லு தெறிச்சு சின்னதா ஒரு புள்ளி விழுந்துருச்சு. முழுசா மாத்தணுமா? (திருவொற்றியூர்)

ஒரு ரூபா காயினுக்குள்ள அடங்குனா, ஓரத்துலயோ டிரைவர் கண்ணுக்கு நேராவோ இல்லன்னா, ரெசின் போட்டாலே போதும். அதுவரைக்கும் தூசு, தண்ணி போகாம மேல டேப் ஒட்டி வைங்க, டீஃபாகரை (கண்ணாடில படியுற பனிய நீக்குற காத்து) ஃபுல்லா வெச்சு அடிக்காதீங்க, புள்ளி கோடா ஓடிரும்.

போன வருஷம் வெளிய ஒரு கடைல கண்ணாடி மாத்துனேன். மழை வந்தா பக்கத்து சீட் மேட் நனையுது. மெக்கானிக் ஓரமா சிலிக்கான் அடிச்சாரு, ரெண்டு மழை தாங்குச்சு, திரும்ப ஒழுகுது. (காசிமேடு)

மறுபடியும் சிலிக்கானா! எத்தனை வாட்டி சொல்றது சார். கண்ணாடிய பாடியோட புடிச்சு வெக்கிறது பியூ (பாலியூரித்தேன்) பேஸ்ட், சிலிக்கான் பாத்ரூம் ஜன்னலுக்கு. அது ஓட்டைய மேலாக்க மூடும், அவ்ளோதான். மலிவு டியூப்பை தொறந்தா வினிகர் வாடை குப்புனு அடிக்கும் பாருங்க, அந்த ஆசிட்டு தகரத்தையே தின்னும், அதைவிட கொடுமை என்னன்னா சிலிக்கான் பட்ட இடத்துல அப்புறம் பிரைமரும் ஒட்டாது பியூவும் ஒட்டாது, அடுத்து வேலை செய்யறவன் அதை சொட்டு விடாம சுரண்டி எடுக்கணும்.

உங்க வண்டில பெரும்பாலும் துருவாத்தான் இருக்கும். பழைய கண்ணாடிய அறுத்து எடுக்கும்போது கத்தி பட்டு பெயின்ட் கீறும், அந்தக் கீறலுக்கு பிரைமர் தொடாம அப்படியே பேஸ்ட் இழுத்துட்டுப் போயிருப்பாங்க, உங்க ஏரியா உப்புக்காத்துக்கு இது போதும், துரு பேஸ்ட்டுக்கு அடியிலயே ஓடி, பேஸ்ட்டு தகரத்தை விட்டு கிளம்பிரும். கண்ணாடிய இறக்கி, துருவ தேச்சு, பிரைமர் வெச்சு, காயவிட்டு, புது பியூ போடச் சொல்லுங்க. பழைய பேஸ்ட்டு கெட்டியா நிக்கிற இடத்துல 1, 2 மில்லிமீட்டர் விட்டு சீவுனா போதும், புதுசு அது மேலதான் நல்லா புடிக்கும். பக்கத்துலயே நில்லுங்க, டியூப்ல எக்ஸ்பைரி தேதிய பாருங்க. நிறைய வண்டில பக்கத்து சீட் ஏர்பேக் கண்ணாடில மோதித்தான் ஆளு பக்கம் திரும்பும், கண்ணாடி பிச்சுக்கிட்டா பையும் அதோட போயிரும். அந்த சீட்ல உக்கார்றது உங்க வீட்டு ஆளுங்க.

மாத்துன அரை மணில டாக்ஸி ட்ரிப் எடுக்கலாமா? (தண்டையார்பேட்டை)

கூடாது தம்பி. பேஸ்ட்டைப் பொறுத்து 1 மணி நேரத்துலேர்ந்து 6 மணி நேரம் வரைக்கும் ஆகும், டியூப்லயே போட்டிருக்கும், எக்ஸ்பைரியையும் அங்கயே பாத்துக்கோ. ரெண்டு நாளைக்கு ஜன்னல் கண்ணாடிய கொஞ்சம் இறக்கியே வை, எல்லாத்தையும் ஏத்திட்டு டோரை அறைஞ்சா உள்ள காத்து முட்டி பேஸ்ட்டைத் தள்ளும். பிரஷர் வாஷ் வேணாம்.

மழைக்காலத்துல பேஸ்ட் காயுமா? (வியாசர்பாடி)

காயும்மா. பியூ காத்துல இருக்குற ஈரத்தை எடுத்துத்தான் இறுகும். ஒட்டுற இடம் மட்டும் சுத்தமா, காஞ்சு இருக்கணும், ஷெட்டுக்குள்ள செய்யச் சொல்லுங்க.

இன்சூரன்ஸ்ல கண்ணாடிக்கு தேய்மானம் புடிப்பாங்களா? (பெரம்பூர்)

கண்ணாடிக்கு தேய்மானம் கிடையாது. சின்ன கார்னா 1000 ரூபா கிட்ட உங்க கைலேர்ந்து போகும். என்சிபி (கிளெய்ம் போடாம இருந்தா கிடைக்கிற தள்ளுபடி) அடிபடுமான்னு பாலிசிய படிச்சுட்டு கிளெய்ம் போடுங்க.

அண்ணே எவ்ளோ ஆகும்? (ஊர் போடல)

என்ன வண்டி, எந்த வருஷம், மழை சென்சார் இருக்கா, கண்ணாடில கேமரா இருக்கா? ஒண்ணுமே எழுதாம ரேட் கேட்டா எப்படி சொல்றது? கேமரா இருந்தா மாத்துனப்புறம் அதை கேலிபரேட் பண்ணணும், அதாவது திரும்ப சரியா செட் பண்ணணும், அந்தக் காசையும் சேத்து கேளுங்க. முழு விவரத்தோட திரும்ப எழுதுங்க, சொல்றேன்.